மூச்சு விட்டால் படம் ஆடும்

சித்திரைக் குளத்துக்குப் பின்னாலிருந்த அந்தச் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. சகினா விளக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். பட்டுப்புடவையின் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி கயல் பின்னால் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணி. ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

கயல் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் வேலை பார்த்தாள். ஆடித் தள்ளுபடி பேனருக்கு இந்த முறை வெளியாள் வேண்டாம், நம் கடைப் பெண்களில் ஒருத்தியே போதும் என்று முதலாளி சொல்லியிருந்தார். தேர்வாகிறவளுக்கு வரவேற்பில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. நாள் முழுக்க நின்று நின்று கயலின் கெண்டைக்கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்தன. அவள் அழகிதான். ஆனால் கேமராவைக் கண்டதும் கழுத்து விறைத்து, கண் பிதுங்கி, ஆதார் அட்டையில் இருப்பவள்போல் ஆகிவிடுவாள். திங்கட்கிழமை படம் கொடுத்தாக வேண்டும்.

அந்த விறைப்பை எடுப்பதுதான் சகினாவின் தொழில். கல்யாணம், பிறந்தநாள் என்று படம் எடுப்பாள். படத்தில் இயல்பாகத் தெரிவது எப்படி என்று இன்ஸ்டாகிராமில் சின்னச் சின்ன வீடியோக்கள் போடுவாள். சிந்தாதிரிப்பேட்டையில் இருவரும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். அரசாங்கம் கயலின் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக் குடியிருப்புக்கு மாற்றிய பிறகும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை.

ஸ்டூடியோ மாடியில் இருந்தது. பல வருடம் பூட்டிக் கிடந்ததைச் சமீபத்தில்தான் வெள்ளையடித்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டிருந்தார்கள். சாவி வைத்திருந்த பேச்சியம்மாள் கதவைத் திறந்துவிட்டு, "ஃபேன் சுச்சு ஷாக் அடிக்கும், பாத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டாள்.

ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தது. கதவைச் சாத்தியதும் வெளியே இருந்த பகல் அப்படியே அறுந்து போயிற்று. சுவரில் தூண்களும் பூந்தொட்டிகளும் வரைந்த பழைய திரை. அதன் முன்னால் உயரமான முதுகுச் சாய்வுள்ள ஒரு மர நாற்காலி. அறையெங்கும் லேசான பன்னீர் மணம்.

"கல்யாண வூடு மாதிரி வாசன வருதுக்கா."

"குந்து. செருப்ப கழட்டிடு, புடவ வுழறது அழகா இருக்கும்."

சகினா விளக்கைப் போட்டாள். வெளிச்சம் நேராகக் கயலின் முகத்தில் விழுந்தது. அவள் கண்ணுக்கு வெள்ளையைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது.

"தோள எறக்கு. கைய மடியில அழுத்தாத, சும்மா போடு. மூச்ச இழுத்து மெதுவா வெளிய வுடு. வுட்டு முடிக்கும்போதுதான் நான் எடுப்பேன். கேமராவ பாக்காத, வேற எங்கியாவது பாத்துட்டு அப்புறமா திரும்பு."

பத்துப் படங்கள் எடுத்தாள். பத்தும் ஆதார் அட்டை.

"எனுக்கு வராதுக்கா. வுட்டுடு" என்றாள் கயல்.

"வரும்டி. இன்னும் ஒரு தபா."

சகினா கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

கயலின் முகவாய் மெல்ல உயர்ந்தது. கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியது. தோள்கள் தாமாகத் தளர்ந்தன. வலதுகை நாற்காலிக் கைப்பிடிக்குப் போயிற்று. விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிந்தன, யாரோ எடுத்து வைப்பதுபோல. சகினா சொல்லிக்கொடுத்தது எதுவுமே இல்லை அது. அதைவிட எவ்வளவோ மேல்.

"அய்யோ, சூப்பர்! அப்படியே இரு!"

பார்க்கக் கொடுத்தபோது கயலால் நம்ப முடியவில்லை. "நானாக்கா இது?" என்று திரையைத் தடவினாள். பிறகு சொன்னாள்: "நீ வாயால சொன்னா எனுக்குப் புரியல. கையால திருத்துன பாரு, அது நல்லா கீது. ஆனா உன் கை ஏன் இப்படி சில்லுன்னு கீது?"

சகினா அந்த நேரம் பத்தடி தள்ளி நின்றிருந்தாள்.

ஏதோ பிரமை என்று நினைத்தாள். அப்போதே பையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் படம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. இன்னும் நாலு எடுத்தால் போதும் என்று தோன்றியது.

மறுபடி கயல் உட்கார்ந்தாள். சகினா எடுத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றும் முந்தையதைவிட அழகாக இருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, தவிப்பு இல்லை. உலகத்தில் எந்தக் கவலையும் இல்லாதவள்போல இருந்தாள். இருபது. முப்பது. முப்பத்தைந்தாவது படத்தில்தான் சகினாவுக்கு உறைத்தது.

கயல் இமைக்கவே இல்லை.

பன்னீர் மணம் மூக்கை அடைத்தது. சகினா கேமராவைத் தாழ்த்தினாள்.

"கயலு?"

கண் திறந்திருந்தது. முந்தானை மார்பின்மேல் அசையாமல் கிடந்தது.

முகவாயின் அடியில் சின்னதாக ஒரு குழி. விரல் வைத்து அழுத்தினால் விழும் குழி.

"கயலு!"

ஓடினாள். விளக்கின் கம்பி காலில் மாட்டி, விளக்கு சாய்ந்து உடைந்தது. இருட்டில் தடவிக் கயலின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சில்லிட்டிருந்தது. கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். இரண்டாவது அறையில் கயல், தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவள்போல, 'ஹா' என்று மூச்சை இழுத்தாள்.

"எழுந்திரு. வா, போலாம்."

எழுந்தவள் குப்புற விழுந்தாள். சகினா செல்போன் வெளிச்சத்தில் புடவைக் கரையை விலக்கிப் பார்த்தாள்.

கயலின் கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

வெள்ளைத் துணிக் கிழிசல். பிணத்துக்குக் கட்டுகிற கட்டு.

சகினா அதைப் பல்லால் கடித்துத்தான் அறுத்தாள். கயலைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே வெயில் கொளுத்தியது. கயலுக்குக் குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"காதுகிட்ட ஒருத்தரு பேசுனாருக்கா. ரொம்ப மரியாதயா. மூச்ச விடாதீங்கோ, படம் ஆடிடும்னாரு. நானும் நிறுத்திட்டேன். கஷ்டமாவே இல்லக்கா."

பேச்சியம்மாள் அவள் காலைப் பார்த்தாள். கேட்காமலே புரிந்துகொண்டவள்போல ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றினாள்.

"அந்தக் காலத்துல செத்தவங்கள இங்கதான் தூக்கினு வருவாங்க. குந்த வெச்சி கடைசி படம் எடுக்க. வேதாந்தம்னு ஒருத்தரு. அவரு கைப்பட்டா பொணம்னே சொல்ல முடியாதாம். பெத்தவளே படத்தப் பாத்து பேரச் சொல்லிக் கூப்புடுவாளாம்." ஒரு கணம் நிறுத்தினாள். "உயிரோட கீறவங்கள எடுக்க அவருக்குப் புடிக்காதாம். ஆடிக்கினே கீறாங்கம்பாராம்."

அன்றே எல்லாப் படங்களையும் சகினா அழித்தாள். கயல் கடைக்குப் படம் கொடுக்கவில்லை. பேனரில் வேறொரு பெண் சிரித்தாள். கயலின் கட்டைவிரல்களில் கறுத்த வளையம் பத்து நாள் இருந்தது. அதன்பின் செல்போனில்கூட அவள் யாரையும் தன்னைப் படமெடுக்க விட்டதில்லை. புடவைப் பிரிவில் நின்றபடியே வேலை பார்க்கிறாள். நிற்பதே நல்லது என்கிறாள்.

சகினா ஒரு மாதம் கேமராவைத் தொடவில்லை. பிறகு, தொழிலை எத்தனை நாள் விடமுடியும்? புதுக் கேமரா வாங்கினாள். அடையாற்றில் ஒரு வீட்டில் குழந்தையின் முதல் பிறந்தநாள் என்று அழைத்தார்கள். ஜன்னலெல்லாம் திறந்த, காற்றோட்டமான கூடம். பலூன்கள். குழந்தை ஒரு இடத்தில் உட்காரவில்லை. அழுதது, கேக்கை அளைந்தது, தொப்பியைப் பிய்த்து எறிந்தது. அப்பா கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்துக் களைத்துப் போனார்.

"பரவால்ல சார், அழுதாலும் அழகுதான்" என்று சொல்லிச் சகினா கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

அழுகை நின்றது.

குழந்தை தன் வலப்பக்கம், யாருமில்லாத இடத்தை, அண்ணாந்து பார்த்தது. பிறகு நேராக உட்கார்ந்தது. பிஞ்சு விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடியில் படிந்தன.

"பாருங்களேன்!" என்று அம்மா கை தட்டினாள். "எவ்வளவு சமத்தா போஸ் குடுக்கறான்! எடுங்க, எடுங்க!"

முகவாய் மெல்ல உயர்ந்தது. கொழுகொழுவென்ற அந்தச் சதையில் ஒரு குழி விழுந்தது.

சகினா கேமராவைக் கீழே போட்டாள். அது உடைந்த சத்தத்தில் எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

குழந்தை மட்டும் இமைக்கவில்லை.