இரண்டு காலிலும் பட்டை

"பத்து மணிக்கு உன் அண்ணன் வண்டி வந்துடும். அதுக்குள்ள துணிமணியை எடுத்து வெச்சுக்கோ. சங்கத்துல கூட்டம் ஆரம்பிக்கும்போது நீ இந்த வீட்டுல இருக்கக் கூடாது... ஆமா, சொல்லிட்டேன்!"

மாமியார் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றபடி சொன்னாள். விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மருமகள் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் படியில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அதில் சுரண்டுவதற்குச் சேறே இல்லை. ஆனாலும் மனிதர் விடாமல் சுரண்டினார்.

"என்னங்க... நீங்களும் போன்னுதான் சொல்றீங்களா?"

"அம்மா சொல்றது உன் நல்லதுக்கில்ல, தங்கச்சி நல்லதுக்கு" என்றார் தலை நிமிராமல். "கொஞ்ச நாள் போய் இரு. ஊர் வாயை மூட வேற வழி தெரியல."

ஊர் வாய் நாலு வருஷமாக மூடவில்லை. அந்த ஊரில் வயலும் மாடும்தான் பிழைப்பு. எல்லா வீட்டுப் பாலும் காலையில் பால் சங்கத்துக்குப் போகும், ஒரே பெரிய தொட்டியில் கலக்கும், அங்கிருந்து லாரியில் பட்டணத்து ஆலைக்குப் போகும். மாட்டுக்கு மடிவீக்கம் வந்து ஊசி போட்டால் அதன் வலது பின்னங்காலில் சிவப்புப் பட்டை கட்ட வேண்டும். பட்டை அவிழ்கிற வரைக்கும் அந்த மாட்டுப் பாலைக் கீழேதான் ஊற்ற வேண்டும். சங்கத்தின் சட்டங்களில் எல்லோரும் மதித்தது இது ஒன்றைத்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஊசி மருந்து கலந்த பால் தொட்டிக்குள் போய்விட்டது. ஆலையில் கண்டுபிடித்து லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். ஊர்ப் பால் மொத்தமும் சாக்கடையில் வெள்ளையாக ஓடியதைச் சின்னப் பிள்ளைகள்கூட நின்று பார்த்தார்கள். இரண்டு மாதம் ஆலை பால் எடுக்கவில்லை. அந்த இரண்டு மாதத்தில் தீவனம் போட முடியாமல் தன் ஒரே மாட்டை விற்றாள் பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி. விற்ற பிறகும் அவளுக்கு ஒத்தைமாட்டுக்காரி என்றே பெயர் நின்றுவிட்டது. ஊருக்கு அப்படி ஒரு ஈவிரக்கம்!

வீட்டுக்கு ஒன்றாக எடுத்துவைத்த மாதிரிப் பாட்டில்களைச் சோதித்ததில் குற்றம் இந்த வீட்டு வாசலில் வந்து நின்றது. சங்கத் தலைவர் நேரில் வந்து யார் கறந்தது என்று கேட்டார். "நான்தான்... காய்ச்சல்ல தலை நிக்கல, பட்டையைப் பார்க்காம கறந்துட்டேன்" என்றாள் மருமகள். அவள் கை இனி மாட்டு மடியில் படக் கூடாது என்று கூட்டத்தில் தீர்மானம் வாசித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சாணமும் புல்லும்தான். ஒத்தைமாட்டுக்காரி அவளைக் கண்டாலே காறித் துப்பிவிட்டுப் போவாள்.

கறந்தது அவள் இல்லை.

அன்று அவளுக்கு நல்ல காய்ச்சல். அண்ணி தூங்கட்டும் என்று நாத்தனார்தான் இருட்டோடு எழுந்து பாதி மாடுகளைக் கறந்துவிட்டுச் சங்கத்துக்கு ஓடினாள். மீதியை அண்ணி எழுந்து கறந்தாள். கொட்டிலில் அக்கா தங்கையாக இரண்டு கறுப்பு மாடுகள் நின்றன. ஒன்றுக்கு முதல் நாள் ஊசி போட்டிருந்தது. 'பட்டை கட்டின கறுப்பைத் தொடாதே' என்று நாத்தனாரிடம் சொல்லியும் இருந்தார்கள். ஆனால் நாத்தனார் இடக்கைக்காரி. எல்லோரும் மாட்டுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கறந்தால் அவள் இடப்பக்கம் உட்காருவாள். அந்த இருட்டில் அவள் உட்கார்ந்த பக்கத்திலிருந்து பட்டை தெரியவில்லை. நல்ல மாடு என்று நினைத்து ஊசி போட்ட மாட்டைக் கறந்துவிட்டாள். மருமகளுக்கே இது சாயங்காலம்தான் விளங்கியது, ஊசி போட்ட மாட்டுக்கு இடப்பக்கம் நாத்தனார் உட்கார்ந்து கறந்த முக்காலி கிடந்ததைப் பார்த்தபோது.

நாத்தனார் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு வந்தவள். சங்கத்தில் பால் சோதிக்கிற வேலை அவளுக்குக் கிடைத்து அப்போது பதினைந்து நாள்கூட ஆகவில்லை. சோதிக்கிறவளே பாலைக் கெடுத்தாள் என்றால் அந்த வேலை நிற்குமா? பிள்ளை பெறாத அண்ணி அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள், பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நாத்தனாருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. அண்ணியைத் திட்டுவதில் அம்மாவுக்கு அடுத்த ஆள் அவள்தான்.

இன்றைய கூட்டத்தில் நாத்தனாரின் வேலையை நிரந்தரம் செய்ய வேண்டும். 'அந்தப் பொம்பளை இருக்கிற வீட்டு ஆளுக்கு எப்படி நிரந்தரம் கொடுப்பீங்க?' என்று ஒத்தைமாட்டுக்காரி எழுதிக் கொடுத்துவிட்டாள். அதற்காகத்தான் இந்த அண்ணன் வண்டி.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள், கடைசியாக ஒருமுறை சாணம் அள்ள. அங்கே புதிதாக மாற்றலாகி வந்த மாட்டு டாக்டர் செவலைப் பசுவுக்கு மடிவீக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் இடப்பக்கம் உட்கார்ந்து வீங்கிய காம்பைக் கறந்து தரையில் விட்டாள். டாக்டர் ஊசி போட்டு வலது காலில் பட்டை கட்டினார்.

"அந்தக் கால்லயும் ஒண்ணு கட்டுங்க டாக்டர். எங்க வீட்டுல ரெண்டு கால்லயும் கட்டறதுதான் வழக்கம்" என்றாள் நாத்தனார்.

"எந்த ஊர்லயும் ஒரு கால்லதானேம்மா கட்டுவாங்க?" என்றவர் அவள் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஓ... நீ இடக்கையா? சரிதான்! அந்தப் பக்கம் உட்கார்ந்தா இந்தப் பட்டை கண்ணுலயே படாதே. உனக்காகக் கட்டற பட்டைன்னு சொல்லு!"

அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நாத்தனார் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அண்ணி... ரெண்டு கால்லயும் கட்டற பழக்கம் எப்ப வந்துச்சு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு? மணி ஆகுது, நீ கிளம்பு."

"முன்னாடியெல்லாம் கட்டினதில்ல. பால் கெட்டுப்போனதுக்கு அப்புறம்தான்... நீங்கதான் ஆரம்பிச்சீங்க. வலப்பக்கம் உட்கார்றவங்களுக்கு இடது கால்ல பட்டை எதுக்கு அண்ணி?" அவள் செவலையின் காலிலிருந்த பட்டையைத் தொட்டாள். "அன்னிக்கு நான் கறந்தது எந்தக் கறுப்பு?"

அண்ணி சாணக் கூடையைக் கையில் பிடித்தபடி அழுதாள். பதிலுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"ஐயோ அண்ணி! நான் பண்ணின பாவத்துக்கா... நான் எவ்வளவு பேசினேன் உங்களை! என் பொண்ணைத் தொடாதீங்கன்னுகூட ஒரு நாள் சொன்னேனே!"

"விடும்மா... கூட்டத்துல எதையாவது உளறி வெக்காதே. இத்தனை வருஷம் நான் பட்டது வீணாப் போயிடும். குழந்தையை நினைச்சுப் பாரு."

"அவளை நினைச்சுத்தான் சொல்லப் போறேன்" என்று நாத்தனார் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அண்ணியும் பின்னாலேயே ஓடினாள்.

சங்கக் கட்டடத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. தலைவர் கனைத்துக்கொண்டு நிரந்தர வேலை பற்றிய தீர்மானத்தை எடுப்பதற்குள் நாத்தனார் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். சோதனை அறைச் சாவியை மேஜைமேல் வைத்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது எப்போதும் கொட்டாவி விடுகிற முன்வரிசைக் கிழவர்கூட வாயை மூடிக்கொண்டிருந்தார். மாமியார் "அடிப்பாவி... வாயை மூடுடி!" என்று மகளைப் பார்த்துக் கத்தியது மட்டும் கேட்டது.

முதலில் எழுந்தது ஒத்தைமாட்டுக்காரி. வாசலில் நின்ற மருமகளிடம் வந்தாள்.

"உன்னைச் சபிக்காம நான் ஒரு நாள் சோறு தின்னதில்ல... என் வாய் அழுகிப் போக!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். முகம் மாறியது. "உன்னாலயாடி என் மாடு போச்சு?" என்று கையை ஓங்கிக்கொண்டு போனாள்.

மருமகள் குறுக்கே புகுந்தாள். அடி அவள் தோளில் விழுந்தது.

"வேணும்னு பண்ணல அக்கா! காய்ச்சல்ல கிடந்த எனக்காக இருட்டுல எழுந்து கறந்தவ... என்னைத் திட்டியாச்சு, போதும். இவளையும் ஆரம்பிக்காதீங்க!"

நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். நாலு வருஷ அழுகையை இரண்டு பேரும் அங்கேயே, ஊர் முழுக்கப் பார்க்க, அழுது தீர்த்தார்கள். மருமகள் மேல் போட்ட தீர்மானம் ரத்து என்று தலைவர் எழுதினார். சாவியைப் பார்த்தார், தயங்கினார், கடைசியில் எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். நாத்தனாரின் வேலை அதோடு போயிற்று.

வீட்டில் யாரும் இல்லாததால் அண்ணன் வண்டி சங்க வாசலுக்கே வந்து நின்றது. மாமியார் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அண்ணனைத் திருப்பி அனுப்பிடும்மா, வா வீட்டுக்கு" என்றாள். அந்த 'மா' அவள் வாயிலிருந்து வந்தது கல்யாணத்துக்குப் பிறகு இதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

கணவர் பக்கத்தில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே... நான் உன் புருஷன் இல்லையா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க."

"நான் கேக்கலையா?"

"'ஏன்டி இப்படிப் பண்ணினே'ன்னு நூறு தடவை கேட்டீங்க. 'நீயா பண்ணினே'ன்னு ஒரு தடவைகூடக் கேக்கல." அவள் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "ஊர் கேக்காது, அத்தை கேக்க மாட்டாங்க, தெரியும். நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன். ஒரு வருஷம் போல அப்படியே இருந்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

அவள் நாத்தனாரின் தலையைக் கோதிவிட்டாள்.

"நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. தலையைக் குனியாதே. முடியலைன்னா குழந்தையைத் தூக்கிட்டு என்கிட்ட வந்துடு."

"நீங்க போகணுமா அண்ணி? அதான் எல்லாம் சரியாயிடுச்சே..."

"எல்லாம் இல்லம்மா."

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், விடவும் மனமில்லை, இழுக்கவும் துணிச்சலில்லை.

"எப்ப வருவே?"

"தெரியலைங்க" என்றாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.