பொறியில் வைத்த அறுநூறு

போன் அலறியது!

அக்கா எடுத்தாள். கடைகளுக்குக் கணக்கு எழுதும் அந்த இரண்டு மேஜை ஆபீசுக்கு அவள்தான் முதலாளி. எதிர் மேஜையில் தங்கை.

"பர்னிச்சர் கடை வச்சிருக்கேன். மாசக் கணக்கு எழுத என்ன ரேட்டுங்க?"

ஆண் குரல்.

"மாசத்துக்கு எத்தனை பில் வரும்?"

"அது... நீங்க ரேட்டைச் சொல்லுங்க. பேங்க் சரிபார்ப்பு அதுலயே சேர்த்தியா, தனியா? வருஷக் கடைசி வேலைக்கு எவ்வளவு?"

அக்காவின் புருவம் ஏறியது.

தன் கடை பில் எத்தனை என்று தெரியாத கடைக்காரனா? அதிலும் அந்தக் கேள்விகள்... அவள் கடைக்குக் கடை வேறு ரேட் எழுதி, வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கும் ரேட் தாளில் உள்ள அதே வரிசை!

ரிசீவரைப் பொத்தினாள்.

"அடியே! தெருமுனைக்காரனோட ஆளு. நம்ம ரேட்டைக் கறக்கறான்!"

தெருமுனையில் புதிதாகக் கணக்கு ஆபீஸ் திறந்தவன், ஒரே மாதத்தில் இவர்களுடைய இரண்டு கடைகளைக் கொத்திக்கொண்டு போயிருந்தான். மிச்சம் இருந்த பெரிய கை மரக்கடை முதலாளி மட்டும்தான். மாதம் ஐயாயிரம். அவரும் போனால் ஆபீசுக்குப் பூட்டு!

"நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு போனை வைக்கா!"

"போனையா? பொறி வைக்கறேன் பாரு!"

குரலில் தேன் தடவிக்கொண்டாள்.

"எல்லாம் சேர்த்து அறுநூறுங்க!"

"அறு... நூறா?!"

"அறுநூறேதான்!"

லைன் கட்டானது. அக்கா பல்லைக் கடித்தாள்.

"இதுக்கும் கீழே ரேட் போட்டு, படுபாவி தலையில துண்டைப் போட்டுக்கட்டும்!"

அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

படார்!

கதவைத் தள்ளிக்கொண்டு மரக்கடை முதலாளி! கையில் அதே ரேட் தாள். பின்னால் ஓர் ஒல்லி ஆசாமி.

"மூணு வருஷமா என்கிட்ட ஐயாயிரம்... ஊருக்கு அறுநூறா?"

அக்கா துள்ளி எழுந்தாள்.

"ஐயா... அது உங்களுக்கு எப்படி..."

"ஏமாத்தறீங்களோன்னு ஒரு சந்தேகம். இந்தத் தாளைப் பார்த்துக் கேளுடான்னு என் மச்சானைப் பேசச் சொன்னேன்!"

ஒல்லி ஆசாமி இளித்தான்.

"நான்தாங்க பர்னிச்சர் கடை."

அதே குரல்!

"ஐயா, போட்டிக்காரன் ஆளுன்னு நினைச்சுப் பொய் சொல்லிட்டேன்!"

"பொய் சொல்ற ஆளுகிட்ட என் கணக்கு எதுக்கு? எல்லாத்தையும் கட்டிக் கொடுங்க. தெருமுனைக்காரன் நாலாயிரத்துக்கே எழுதறானாம்!"

மச்சான் ஃபைல் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியேறினான். அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"இனிமே என்னடி பண்றது?"

தங்கை பெருமூச்சு விட்டாள்.

"யாராவது ரேட் கேட்டா, யாரோட மச்சான்னு மொதல்ல கேளுக்கா!"