காய்ச்சாத பால்

நுஹா அன்று காலை ஃப்ரிட்ஜிலிருந்து ஊசியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதைப் பார்த்த மாமியார் உம் ஃபவாஸ், அதாவது ஃபவாஸின் அம்மா, ஒரு பெருமூச்சு விட்டாள். கரக் ஊர்ப் பெண்கள் அந்த மூச்சுக்குக் காத்திருந்துதான் மாடியில் துணி காயப்போடுவார்கள். அவ்வளவு காற்று.

"எடுத்துட்டியா உன் சீதனத்த! உன் சீக்கால இந்த வீட்டுக்குள்ள பச்சைப் பால் வரல, புதுப் பாலாடைக்கட்டி வரல... என் மகன் நாக்கே செத்துப்போச்சு!"

"ஆமா மாமி."

மூன்று வருடமாக நுஹாவின் பதில் அது ஒன்றுதான்.

ஊசி அவளுக்கல்ல, கணவன் ஃபவாஸுக்கு. உடம்பைக் காக்க வேண்டிய படை அவன் முதுகெலும்பையே எதிரியென்று அடித்துக்கொண்டிருந்தது. காலையில் அவன் கட்டிலைவிட்டு எழுவதற்குள் ஒட்டகம் கருத்தரித்துக் குட்டியே போட்டுவிடும். ஊசி போட்ட பிறகு நிமிர்ந்தான். கல்யாணங்களில் கைகோத்து ஆடும் தப்கே வரிசைக்கு முன்னால் நின்று அவன் கால் தட்டினால் அடுத்த ஊரில் பாத்திரம் உருளும். ஆனால் ஊசி அந்தப் படையையே அடக்கி வைப்பது. கிருமிக்கு வழி திறந்திருக்கும். காய்ச்சல் வந்தால் ஓடி வரவேண்டும், காய்ச்சாத பால் கூடவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"முதுகு போனவன்னு தெரிஞ்சா என்னை யாரு முன்னால நிறுத்துவான்? ஊசி உனக்குன்னு சொல்லிடு நுஹா..." என்று முதல் ஊசி வாங்கிய நாளில் அழுதான். சொன்னாள். அவனுக்கு ஊசியென்றால் நடுக்கம், குத்தியதும் அவள்தான்.

"இன்னிக்கு அபூ ஸக்ர் வர்றார். அவர் மகளை ஃபவாஸுக்குக் கேட்டிருக்கேன்" என்றாள் மாமி. "சீக்காளியோட எத்தனை நாள்தான் குடித்தனம் பண்ணுவான்?"

நுஹா கணவனைப் பார்த்தாள். அவன் மீசையைச் சீவிக்கொண்டிருந்தான்.

"யம்மா ஆசைப்படுறாங்க... உனக்கும் உடம்புக்கு முடியலையே?"

பொய்யை அவள் பொறுத்திருந்தாள். இப்போது அவனே அதை நம்புகிறானே...!

அபூ ஸக்ர் மந்தையிலிருந்து நேரே வந்தார், கையில் பால் பாத்திரத்தோடு.

"இப்பக் கறந்தது, சூடு ஆறல! குடிங்க மாப்பிள்ளை. குடிச்சிட்டா சம்பந்தம் முடிஞ்சது!"

ஒரு கிண்ணத்தில் ஊற்றி நீட்டினார். ஃபவாஸ் வாங்கினான். மறுத்தால் அவமானம்; உண்மை சொன்னால் அதைவிட. கிண்ணம் உதட்டருகே போனது. நுஹா சும்மா நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கிண்ணத்தைப் பிடுங்கி மடமடவென்று தானே குடித்து முடித்தாள்.

"அடிப் பாவி! உன் சீக்குக்கு அது விஷமாச்சே!"

"எனக்குச் சீக்கே இல்ல மாமி."

உம் ஃபவாஸ் மகனைப் பார்த்தாள். அவன் தேளைக் கண்டவன்போல் சுவரோடு ஒட்டியிருந்தான். எழுந்துபோய், விருந்தாளி முன்னாலேயே அவன் சட்டையைத் தூக்கினாள். வயிற்றில் ஊசித் தடங்கள், புதிதும் பழையதுமாக, சிவந்து.

"யம்மா..." என்றான்.

அபூ ஸக்ர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். "நோயி யாருக்கும் வரும் தம்பி. ஆனா பொண்டாட்டிக்குப் பின்னால ஒளியிறவனுக்கு என் மகள் இல்ல."

மாமி நுஹாவைக் கட்டிக்கொண்டாள். "உன் வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மகளே... எவ்வளவு ஏசிட்டேன்!" இருவரும் அழுதார்கள்.

பிறகு நுஹா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊசியை ஃபவாஸின் உள்ளங்கையில் வைத்தாள்.

"குளிர் விட்டிருக்கும். வயித்து மடிப்பைப் பிடிச்சு நீங்களே போட்டுக்கங்க. நான் எங்க அப்பா வீட்டுக்குப் போறேன்."

உம் ஃபவாஸும் மேலங்கியை மாட்டினாள்.

"யம்மா, நீ எங்க?"

"நல்லா இருக்கிறவங்க ரெண்டு பேரும் போறோம். சீக்காளி, நீ வீட்டைப் பார்த்துக்க!"

தெருவில் இறங்கியதும் உம் ஃபவாஸ் ஒரு பெருமூச்சு விட்டாள். அன்று கரக்கில் காயப்போட்ட துணி எதுவும் யாருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.