உள்ளிருந்து வந்த கட்டளை

காலை 11.20. லிஃப்ட் பராமரிக்கும் அந்த நிறுவனத்துக்கு இன்ஸ்பெக்டர் அம்மா மூன்று மாடி ஏறித்தான் வந்தார். அவர்கள் கட்டடத்து லிஃப்டே ஓடவில்லை. இந்த வாரத்தில் அவர் விசாரிக்கும் நான்காவது புகார் இது. முட்டி விண்விண் என்று தெறித்தது.

விஷயம் இதுதான். காலை 9.10-க்கு வேறொரு கட்டடத்து லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு டீச்சர், உள்ளே ஒட்டியிருந்த இந்த நிறுவனத்தின் எண்ணுக்கு ஒன்பது முறை அழைத்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. ஆஸ்துமாக்காரர், கதவை உடைத்து வெளியே தூக்கியபோது நினைவில்லை. 8.35-க்கே யாரோ நிறுவனத்தின் இன்டர்நெட் போன் அமைப்பில் கைவைத்து, வரும் அழைப்புகளை ஒரு செல்லுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். போலி முகவரியில் வாங்கிய செல். இப்போது அணைந்து கிடந்தது.

அமைப்பைப் பொருத்திய மெக்கானிக் திருப்பிவிட்டதை ரத்து செய்துவிட்டு, வெளியிலிருந்து ஒரு ஈ கூட நுழைய முடியாது என்று சத்தியம் செய்தார். பொருத்தியது பதின்மூன்று போன். கட்டளை அதில் ஒன்றிலிருந்துதான் வந்திருக்கிறது. எதிலிருந்து என்று காட்டும் வசதியை முதலாளி வேண்டாம் என்றிருக்கிறார். அழைப்பைத் திருப்ப அழுத்தும் ரகசிய எண்ணும் முதல் நாள் வைத்ததேதான், எல்லோருக்கும் தெரியும்.

8.35-க்கு அலுவலகத்தில் இருந்தது ஆபரேட்டர் பெண் மட்டுமே. முதலாளி அவளுடைய வேலைநீக்கக் கடிதத்தை டைப் அடித்துக் கையில் வைத்திருந்தார். கைது எப்போது என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

“உங்களுக்கு வேண்டாதவங்க யாராவது?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“போன மாசம் சர்வீஸ் மேனேஜர் விலகித் தனியா கம்பெனி ஆரம்பிச்சார். ஆனா சாவி, குடை, டீ கப் வரைக்கும் லிஸ்ட் போட்டுத் திருப்பி வாங்கிட்டேன் மேடம்.”

அந்த மேனேஜர் தங்கமான மனிதர் என்றாள் ஆபரேட்டர், அழுது வீங்கிய கண்ணோடு. போன வருடம் கால் உடைந்து நான்கு மாதம் வீட்டில் கிடந்தபோதுகூட ஒரு அழைப்பை விட்டதில்லையாம்.

இன்ஸ்பெக்டர் மேஜை மேஜையாக நடந்து போன்களை எண்ணினார். பன்னிரண்டு. பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்.

“201-லேருந்து வரிசையா எல்லா நம்பரும் அடிம்மா. ஸ்பீக்கர்ல போடு.”

11.50. ஸ்டோர் ரூமில் மணி அடித்தது. முதலாளி அறையில் அடித்தது. 212 சாப்பாட்டு அறையில் அடித்தது. 213-க்கு அலுவலகத்தில் எங்கும் சத்தமில்லை. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கேட்டது.

“அவர் குளிக்கிறாரு. யாருங்க, ஆபீஸா?”

ஆபரேட்டருக்கு அந்தக் குரல் தெரியும், சர்வீஸ் மேனேஜரின் மனைவி. “அண்ணி… நான்தான்.”

“அட, நீயா! இந்த போனுக்கு இன்னைக்கு என்ன வாழ்வு வந்துச்சோ! எட்டரைக்கு அவரும் இதைத்தான் தட்டிக்கிட்டிருந்தாரு.”

இன்ஸ்பெக்டர் கைநீட்டி இணைப்பைத் துண்டித்தார்.

“கால் உடைஞ்சப்ப வீட்டுக்குக் கொடுத்த போன். குடையைக் கேட்டு வாங்கினீங்க, இதை மறந்துட்டீங்க. இன்டர்நெட்ல ஓடுறதால, வீட்டுல இருந்தாலும் உங்க அமைப்புக்கு அது உள் போன்தான். புது கம்பெனிக்கு வேலை பிடிக்க உங்க அழைப்பைத் திருடினது சர்வீஸ் மேனேஜர். டீச்சர் கூப்பிட்டப்ப ஏன் எடுக்கலன்னு அவர் குளிச்சு முடிச்சதும் கேட்டுக்கறேன்.”

முதலாளி கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“அந்த நேரத்துல நான் மட்டும்தான் இருப்பேன்னு அவருக்குத் தெரியும் மேடம்,” என்றாள் ஆபரேட்டர். “தெரிஞ்சேதான் செஞ்சிருக்கார்.”

போன் அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“பயப்படாதீங்க. எந்த மாடியில நிக்குது? ஆள் வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்.”