எட்டுப் பங்கு கொசுறு

வேங்கை எஃகாலையின் கரியுலை அடுத்த கோடையைத் தாங்காது என்று தெரிந்த அன்றே பூங்கோதை முடிவு செய்துவிட்டாள், இனி அந்த உலைக்கு ஒரு செங்கல்கூட வாங்குவதில்லை என்று. வாங்குபிரிவின் தலைவி அவள். ஓமலூருக்குப் பக்கத்தில் மூவாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் அந்த ஆலைக்குள் ஒரு திருகாணி நுழையவும் அவள் கையெழுத்து வேண்டும்.

நாடு அதற்குள் பாதி மாறியிருந்தது. தூத்துக்குடிக் கரையோரம் காற்றாலையும் சூரியத் தகடும் தந்த மின்சாரத்தில் நீருடைப்பிகள் ஓயாமல் ஓடின. கடல்நீரின் உப்பை நீக்கி, அதை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பது அவற்றின் வேலை. பசுமை ஹைட்ரஜன் என்று சொல்ல வாய் வலித்ததால் ஜனங்கள் பச்சைவளி என்றார்கள். கப்பல்கள் அதில் ஓடின. உர ஆலைகள் அதற்கு மாறிவிட்டன. எஃகுக்காரர்கள் மட்டும் விலை இன்னும் இறங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏனம்மணி, ஊரே கரியில இரும்பு உருக்குது. நாம மட்டும் எதுக்கு முந்தோணும்?” என்று கேட்டார் ஆலை அதிபர் முத்துவேலப்பன், பச்சைவளியில் ஓடும் வளியுலை கட்டலாம் என்று அவள் போய்ச் சொன்னதும்.

“எல்லாரும் இப்படியே உக்காந்திருந்தா விலை எப்படிங்கய்யா எறங்கும்? பெரிய கிராக்கி ஒருத்தர் இருவத்தஞ்சு வருசத்துக்கு எடுத்துக்கறோம்னு கையெழுத்துப் போட்டாத்தான் வளிக்காரங்களுக்குப் பேங்க்ல கடன் கெடைக்கும். நீருடைப்பியைப் பெருசாக் கட்டுவாங்க, விலை தானா எறங்கும். முதல்ல போறவனுக்கு நல்ல விலை, காத்திருக்கறவனுக்கு மிச்சம் மீதி. கரியுலையைப் பூசி நிறுத்தினா இன்னும் இருவது வருசம் கரிக்கு அடிமை. நம்ம எஃகு வெளிநாட்டுல எறங்கறப்பெல்லாம், கரியில உருக்குனதுன்னு கரித்தீர்வை கட்டோணும். காத்தும் வெயிலும் விலை ஏத்தாதுங்க.”

“அத்தனை வளியையும் எடுக்க முடியாமப் போச்சுன்னா?”

“எடுத்தாலும் எடுக்காட்டியும் காசு கட்டறோம்னு நாமளே சொல்லிரலாமுங்க. அந்தத் தைரியத்துக்குத்தான் இன்னும் கொறைப்பாங்க.”

முத்துவேலப்பன் தலையாட்டினார். “சரி, செய்யி அம்மணி. தப்பாப் போச்சுன்னா வேற யாரையும் கேக்க மாட்டேன், உன்னையத்தான் கேப்பேன்.”

தூத்துக்குடியில் நீருடைப்பிகளும் அங்கிருந்து வளி வரும் குழாயும் ரெமிஜியுஸ் பர்னாந்துக்குச் சொந்தம். சிரித்த முகம், அவசரமே இல்லாத பேச்சு. பூங்கோதை விலையை அடித்து, இன்னும் அடித்து, அவர் நெற்றி வியர்க்கும் வரை அடித்தாள். எல்லாம் முடிந்து பேனாவைத் திறந்தவர், அவள் கை நீளாததைப் பார்த்து நிமிர்ந்தார்.

“கொசுறு?” என்றாள்.

கத்தரிக்காய் வாங்கினாலும் கறிவேப்பிலை கேட்காமல் நகராத குணம். கொசுறு இல்லாத வியாபாரத்தில் அவள் இதுவரை கையெழுத்துப் போட்டதே இல்லை. பர்னாந்து உரக்கச் சிரித்துவிட்டு, உலையைச் சோதித்துப் பார்க்கும் காலம் முழுக்க வளி இலவசம் என்று எழுதிக் கொடுத்தார்.

“நான் ஒண்ணு கேக்கக் கூடாதா மேடம்? உங்க உலையிலேர்ந்து வார ஆவியைப் பிடிச்சு நான் கொண்டு போயிருதேன். பிடிக்கிற கருவியும் என் செலவு, பாத்துக்கிடுங்க.”

பூங்கோதைக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இரும்புத் தாது என்பது ஆக்சிஜன் ஒட்டிக்கொண்ட இரும்பு. வளியுலையில் ஹைட்ரஜன் அந்த ஆக்சிஜனைப் பிய்த்து எடுத்துக்கொள்ளும். இரும்பு தனியே நிற்கும், ஒன்று சேர்ந்த இரண்டும் நீராவியாக வெளியேறும். கரியுலைக்குப் புகை எப்படியோ, வளியுலைக்கு ஆவி அப்படி. புகைபோக்கியில் போகிற சனியனைக் காசு செலவழித்து ஒருவன் எடுத்துப் போகிறேன் என்றால் கசக்குமா? ஆலைக்கு ஆற்றுத் தண்ணீர் உரிமை இருந்தது. இரண்டு கையெழுத்தையும் சேர்த்தே போட்டாள்.

அவள் சொன்னதெல்லாம் நடந்தது. கரித்தீர்வை இல்லாத எஃகுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். கரிவிலை ஏறியபோது மற்ற ஆலைகள் முழி பிதுங்க, வேங்கை ஆலையில் எல்லோருக்கும் போனஸ். மாநாடுகளில் அவள் பேசினாள். அதிபர் கேட்ட கேள்வியையும் தான் சொன்ன பதிலையும் சொல்லிக் கைதட்டல் வாங்கினாள். அந்தக் கைதட்டலுக்கு அவள் தகுதியானவள்தான், சந்தேகமில்லை. ஆனால் வாங்குபிரிவுக்காரர்களின் கண் உள்ளே வரும் லாரி மேலேயே இருக்கும். வெளியே போவதை அவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. மேட்டூர் அணையில் சேறு தெரிந்ததும், ஆலைகளுக்கு ஆற்றுத் தண்ணீர் கிடையாது என்று உத்தரவு வந்துவிட்டது. எஃகைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் உலையை அணைத்துவிட்டு மூவாயிரம் பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அன்றைக்குத்தான் பூங்கோதை தன் ஆலையின் ஆவிபிடிப்பானை நின்று பார்த்தாள். ஆவி அதில் குளிர்ந்து தண்ணீராக, அங்கிருந்து கிளம்பிய தடித்த குழாய் ஒன்று மதிலைத் தாண்டி ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. பஞ்சத்திலும் தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் நிற்காததன் காரணம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

கூப்பிட்ட மறுநாளே பர்னாந்து அவள் அறையில் இருந்தார். கையோடு ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டு வந்திருந்தார்.

“உங்க வளியைக் காசு குடுத்து வாங்கறோம். அதுல வர்ற தண்ணி எங்களுதுதானுங்களே?” என்றாள்.

“என் வளின்னு சொல்லாதீய மேடம். ஒம்பது கிலோ தண்ணியில என் வளி ஒரே ஒரு கிலோதான். மிச்சம் எட்டும் உங்க தாதுல இருந்த ஆக்சிஜன். நீங்க விலை குடுத்து வாங்குன தாது. அதைத்தான அன்னைக்கு எனக்குக் கொசுறாக் குடுத்தீய?”

அவளுக்குக் காது சுட்டது. “ஆலை நின்னா உங்க தண்ணியும் நின்னு போகுமுங்க.”

“நிக்கட்டும். எடுத்தாலும் எடுக்காட்டியும் வளிக்குக் காசுன்னு நீங்கதான எழுதச் சொன்னீய?”

பர்னாந்து நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலில் கேலி இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“நகராட்சிக்காரங்க முதல்லயே நீண்ட காலத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாவ, அவங்களுக்கு நல்ல விலை. மிச்சம் மீதி இருக்கு, சிக்கனமா ஓட்டுனா ஆலைக்குப் போதும். நீங்க மாநாட்டுல பேசுன பேச்சைத்தான் எல்லாக் கிராக்கிக்கும் போட்டுக் காட்டுதேன் மேடம். கேட்டா ஒருத்தரும் மறுக்க மாட்டுக்காங்க.”

பூங்கோதை அவரை முறைத்தாள். பிறகு, தன்னையும் மீறிச் சிரித்துவிட்டாள். இவ்வளவு நல்ல வியாபாரத்தை அவள் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அதில் பாதி அவளே சொல்லிக்கொடுத்தது. உலை அணையக் கூடாது, அவ்வளவுதான் இப்போது முக்கியம். வளி ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த வருஷங்கள் முழுவதற்கும், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு என்ற வரியோடு, தண்ணீருக்குக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடும்போது வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

“கொசுறு?”

பர்னாந்து பாட்டிலைத் திறந்து ஒரு டம்ளர் நிறைய ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். எட்டுப் பங்கு தன்னுடையதாக இருந்த அந்தத் தண்ணீரைப் பூங்கோதை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.