அப்பாவுக்குப் பதினான்கு நாள்

நிலவின் தென்துருவ நீர்ச்சுரங்கத்தில் ஜனவரி முதல் வாரம் என்றால் விடுப்புப் பலகை நிரப்பும் வாரம். ஊழியர்கள் அவரவர் பெயருக்கு நேரே எழுதுவார்கள்: தீபாவளிக்கு மூன்று நாள், தங்கை கல்யாணத்துக்கு நான்கு நாள், அப்பாவின் மரணத்துக்குப் பதினான்கு நாள். எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

ஆயுள்மானி வந்து முப்பது வருடமாகிறது. அறுபதைத் தாண்டியவர் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் போதும், அவர் சாகப்போகும் நாளை ஒன்றிரண்டு மணி நேரம் முன்பின்னாக அது சொல்லிவிடும். தேதிச் சீட்டு அவர் கையில் மட்டும்தான் தரப்படும். பிள்ளைகளிடம் சொல்வதும் சொல்லாததும் அவர் இஷ்டம். கண்டுபிடித்த விஞ்ஞானிகள் நல்ல மனதோடுதான் கண்டுபிடித்தார்கள். நாள் தெரிந்தால் பிள்ளைகள் முன்கூட்டியே வந்து பெற்றவர்களோடு இருப்பார்கள் என்று நம்பினார்கள். பாவம், ரத்தத்தைப் பற்றித் தெரிந்த அளவுக்கு அவர்களுக்கு மனிதர்களைப் பற்றித் தெரியவில்லை. பிள்ளைகள் எல்லோரும் அந்த நாளுக்குச் சரியாக வந்தார்கள். அதற்கு முன்னால் வருவதைத்தான் நிறுத்திக்கொண்டார்கள்.

வடிகட்டும் பிரிவின் துணைத் தலைவி செண்பகவல்லி ஊருக்குப் போய் ஆறு வருடமாகிவிட்டது. பாசம் இல்லாதவள் அல்ல, ஒழுங்கானவள். அவள் காதுக்குப் பின்னால் பதித்திருந்த ஒழுங்கி என்ற கருவி, வருடம் முழுவதையும் கால்மணிக் கூறுகளாகப் பிரித்து வைத்திருந்தது. பிரிவுத் தலைவி ஆவதற்கான தேர்வுகளுக்குப் படிக்கவே சாதாரண விடுப்பெல்லாம் போய்விடும். அப்பா சங்கரபாண்டியன், காற்றாலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், கோவில்பட்டியில் தனியாக இருந்தார்.

புத்தாண்டு அன்று அவர் அழைத்தார். "எனக்கு நவம்பர் பதினேழும்மா" என்றார்.

செண்பகவல்லி அழுதாள். நிஜமாகவே அழுதாள். அவள் அழுது முடித்ததும் ஒழுங்கி மெதுவாகச் சொன்னது: "நவம்பர் பதினேழு, தந்தை. வேறு பணிகளோடு மோதல் இல்லை."

மேலாளர் ஜெபமணி பலகையைப் பார்த்துத் தலையாட்டினார். "அப்பா நல்ல நேரமாத்தான் பார்த்திருக்கார். வடிகட்டி மாத்துற வேலை அக்டோபர்ல முடிஞ்சிரும். நீங்க தலைவியா பதவி ஏத்துக்கப் போறது அடுத்த வருஷம் மார்ச்சுல. ஒரு தொந்தரவும் இல்லை, பாருங்க."

ஆறுதலாகச் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி அவள் வீட்டு வாசலில் போய் இறங்கியபோது, சங்கரபாண்டியன் கையில் மீன் பையோடு எதிரே வந்தார். "வந்துட்டியாம்மா? சீலா மீன் கிடைச்சுது" என்றார். ஆள் மெலிந்திருந்தார், ஆனால் நடை திடமாக இருந்தது. சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பதினான்கு நாளுக்கும் என்னென்ன என்று அவரே எழுதி வைத்திருந்தார். முதல் நாள் மீன் குழம்பு. மூன்றாம் நாள் கழுகுமலை. ஐந்தாம் நாள், தான் வேலை பார்த்த காற்றாலையைக் காட்டுவது. எட்டாம் நாளுக்கு நேரே 'சும்மா இருத்தல்' என்று போட்டிருந்தது. சாகிற நாளான ஆறாம் நாளில் 'கடலைமிட்டாய் வாங்கப் போவது' என்று இருந்ததைப் பார்த்து, வயதானவருக்கு நாள் குழம்பிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது கேட்டாள்: "வலி ஏதும் இருக்காப்பா? நாலு நாள்தானே இருக்கு."

அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வருகிற மார்ச் ஒன்பது என்று இருந்தது.

"ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

"நிசத்தைச் சொன்னா நீ மார்ச்சுலதானே வருவே? அப்ப எனக்கு நினைவு இருக்குமோ இருக்காதோ. நல்லா இருக்கையிலயே உன்கூட ரெண்டு வாரம் இருந்துக்கலாம்னு தோணிச்சு."

அவளுக்கு அழுகைக்கு முன்னால் விடுப்புப் பலகைதான் நினைவுக்கு வந்தது. துக்க விடுப்பு ஒரு தகப்பனுக்கு ஒரு தடவைதான். இதை இப்போது தீர்த்துவிட்டால் மார்ச்சில் ஒரு நாள்கூட இருக்காது. பதவி ஏற்கிற மாதத்தில் வேறு விடுப்பு கேட்கவும் முடியாது.

"கடைசி நேரத்துல நான் பக்கத்துல இல்லைன்னா எப்படிப்பா? கொள்ளி வைக்க நான்தானே இருக்கேன். ஊர் என்ன சொல்லும்?"

"அதுவும் சரிதான்" என்றார் சங்கரபாண்டியன்.

"ரெண்டு நாள்தான் ஆகுது. இன்னைக்கே கிளம்பினா மிச்சப் பன்னிரண்டு நாளை மார்ச்சுக்கு மாத்திக்கலாம். அப்ப வந்து முழுசா உங்க கூடவே இருக்கேன்."

அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, மிச்ச மீனை வறுத்து ஒரு டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். நிலவுக்குப் போகும் சாயங்கால விண்கலத்துக்கு அவரே கூட வந்து வழியனுப்பினார். ஒரு நாளையும் வீணாக்காமல் திரும்பியதற்கு ஜெபமணி அவளை எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

மார்ச் ஏழாம் தேதி அவள் சொன்னபடி வந்தாள். சங்கரபாண்டியனுக்கு நினைவு தப்பி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்; யார் கை என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்பதாம் தேதி பிற்பகல் நான்கு மணிக்கு, ஆயுள்மானி சொன்னபடியே, மூச்சு நின்றது. ஊர் ஒன்றும் சொல்லவில்லை. மகள் சரியான நேரத்துக்கு வந்துவிட்டாள் என்று மெச்சியது.

பத்தாம் தேதியோடு காரியங்கள் முடிந்துவிட்டன. மரணம் பதிவான பிறகு துக்க விடுப்பைப் பாதியில் முடித்துக்கொள்ள விதியில் இடமில்லை. ஆகவே செண்பகவல்லி வெறும் வீட்டில் இருந்தாள். பேச எவ்வளவோ இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. நவம்பரில் பயந்து பயந்து சேர்த்து வைத்த நாட்கள் இப்போது நகர மறுத்தன. தான் செய்தது அவளுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

பக்கத்து வீட்டு ராஜகனி அம்மாள் சாப்பாடு கொண்டுவந்தாள்.

"எத்தனை நாள் லீவு தாயி?"

"இன்னும் எட்டு நாள் இருக்கு."

"நல்ல கம்பெனிதான். என் மகன் கம்பெனியிலே அஞ்சு நாள்தான் குடுப்பாங்களாம்." பாத்திரத்தை வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு ஆகஸ்டு. அவன்கிட்ட ஜூன்னு சொல்லி வச்சிருக்கேன். உங்கப்பா குடுத்த யோசனைதான். நீ வந்துட்டுப் போன அந்த ரெண்டு நாளையே, நினைவு இருந்த மட்டும் சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தாரு."

செண்பகவல்லி தலை குனிந்தாள்.

"ஏன் தாயி, என் மகன் ரெண்டு நாளாச்சும் இருப்பான்ல?"

"இருப்பார்ம்மா" என்றாள் செண்பகவல்லி.