மூன்றாவது நட்சத்திரம்

"உங்க சயாவோட கையெழுத்து எங்கம்மா?"

மல்யுத்தப் போட்டியின் பதிவு மேசைக்குப் பின்னால் இருந்த ராஜரத்தினம் மாமா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேற்றே வாங்கியிருக்க வேண்டிய கையெழுத்து! படிவம் இரண்டு நாளாகச் சஜிதாவின் பைக்குள்ளேயே தூங்கிவிட்டது.

பக்கத்தில் எஸ்ரா சயா நின்றார். யாங்கோனில் பிள்ளைகள் ஆசிரியரை 'சயா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு காலத்தில் மல்யுத்த சாம்பியன், இப்போது சஜிதாவின் பயிற்சியாளர். பிடிகளில் நசுங்கி நசுங்கி அவர் காதுகள் வெந்த காலிஃபிளவர் போல ஆகிவிட்டன.

சயா யூதர். வெள்ளி பொழுது சாய்ந்தது முதல் சனிக்கிழமை வானில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை அவருக்கு ஓய்வு நாள். வண்டி ஏறமாட்டார், எழுதமாட்டார். சனிக்கிழமை நடந்த ஓர் இறுதிப் போட்டியையே விட்டவர் அவர். இன்றும் சனிக்கிழமைதான்; சஜிதாவின் போட்டியைப் பார்க்க இருபத்தாறாம் தெருவிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

"கையெழுத்து இல்லாட்டி போட்டி இல்ல. சட்டம்னா சட்டம்," என்றார் மாமா.

சஜிதாவின் கண் நிறைந்தது. ஒரு வருடப் பயிற்சி! அவள் முகத்தைப் பார்த்த சயாவின் கை மெதுவாகப் பேனா பக்கம் போனது.

"வேணாம் சயா!" சஜிதா பேனாவைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "தப்பு என்னோடது. நீங்க எதுக்கு உங்க நாளை விடணும்?"

"அப்ப என்ன பண்ணப் போறே?"

"ஒரு பிடி நழுவினா வேற பிடி போடுன்னு சொல்வீங்கள்ல?" அவள் திரும்பினாள். "மாமா, எங்க போட்டியைக் கடைசியா வைங்க. இருட்டினதும் சயா கையெழுத்துப் போட்டுருவாரு."

"எதிராளி ஒத்துக்கிட்டா எனக்கென்ன?"

எதிராளி, விமான நிலையம் இருக்கும் மிங்கலாடோனைச் சேர்ந்த தமிழரசி. இந்த வருடம் யாரிடமும் தோற்காதவள். சஜிதா நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"நான் சும்மா நின்னாலே ஜெயிச்சிருவேனே!" என்றாள் தமிழரசி.

"ஆமா. ஆனா பதக்கத்தைக் காட்டி, 'சும்மா நின்னேன்'னா வீட்ல சொல்லுவே?"

தமிழரசி சிரித்துவிட்டாள். "சரி போ. அதுவரைக்கும் மொஹிங்கா சாப்பிடுறேன்," என்று மீன்குழம்பு நூடுல்ஸ் கடைப் பக்கம் போனாள்.

பொழுது சாய்ந்ததும் எல்லோரும் வாசலில் அண்ணாந்து நின்றார்கள்.

"ஒண்ணு! ரெண்டு!" என்று எண்ணிய சஜிதா துள்ளிக் குதித்தாள். "மூணு!"

"ஏய், அது விமானம். எங்க ஊருக்குத்தான் போகுது," என்றாள் தமிழரசி. சயாவே விழுந்து விழுந்து சிரித்தார்.

மூன்றாவது நட்சத்திரம் மெல்ல எட்டிப் பார்த்தது. சயா முணுமுணுத்துப் பிரார்த்தனை செய்துவிட்டு, படிவம் கிழியும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்திட்டார்.

மணி அடித்தது. எடுத்த எடுப்பில் தமிழரசி சஜிதாவைக் கீழே சாய்த்தாள். இரண்டு புள்ளி போனது. சஜிதா காலைப் பிடித்தாள், நழுவியது. இடுப்பைப் பிடித்தாள், அதுவும் நழுவியது. "வேற பிடி!" என்று சயாவின் குரல் கேட்டது. கடைசி நொடிகளில் தமிழரசியின் பின்னால் புகுந்து வளைத்துப் பிடித்து, அவளைப் புரட்டிப் போட்டாள். அதற்கு மூன்று புள்ளி. ஒரே புள்ளி வித்தியாசத்தில் வெற்றி!

"ரெண்டு கிண்ணம் மொஹிங்கா சாப்பிட்டது தப்பாப் போச்சு!" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சஜிதாவைக் கட்டிக்கொண்டாள் தமிழரசி. சயா துண்டால் தன் முகத்தைத் துடைத்தார். துடைத்தது வியர்வை இல்லை.

அடுத்த போட்டிக்கான படிவம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்கே சஜிதா அதைச் சயாவிடம் ஓடிப்போய் நீட்டினாள், பேனாவோடு.